என்னால் வைத்துக்கொள்ள முடியாத விதைகள்



சென்னையிலிருந்து பேசுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, நாங்க மாடியில நாலு தொட்டி வெச்சுக் காய் பறிச்சுக்கறோம். எல்லாரும் இப்படிப் பண்ணினா உங்களை மாதிரி விவசாயிங்களுக்கு நஷ்டம் இல்லையா?" நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். குரலில் கொஞ்சம் சங்கடமும் தெரியும்.

நஷ்டமெல்லாம் ஒன்றும் இல்லை. நாலு தொட்டியில் காய்க்கிற கத்தரிக்காய் ஒரு குடும்பத்துக்கு மாசத்தில் நாலு நாள் குழம்புக்கு வந்தாலே பெரிசு. மீதி நாளெல்லாம் நீங்கள் காய்க்கடைக்குத்தான் வந்தாக வேண்டும். அந்தக் கவலையை விடுங்க.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. விவசாயியான என்னால் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கு. நாலு தொட்டி, பத்து தொட்டி வைத்திருக்கிற நீங்கள்தான் அதைச் செய்ய முடியும். நாட்டுக் காய்கறி விதைகளை வருஷா வருஷம் முளைக்க வைத்து, உயிரோடு வைத்திருக்கிற வேலை அது. அதையும் ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டோடு பேச்சு இருந்தால்தான் நடக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் என் கதை. ஆரணிக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம். நெல், வேர்க்கடலை, ஒரு ஓரமாகக் காய்கறி. காயை மூட்டை கட்டி வண்டியில் வைத்து டவுனுக்குக் கொண்டு போவேன். வாங்குகிற வியாபாரி எதிர்பார்ப்பது மூணே விஷயம். காய் எல்லாம் ஒரே அளவாக இருக்கணும். ரெண்டு நாள் வண்டியில் கிடந்தாலும் வாடக்கூடாது. வாரா வாரம் தவறாமல் வரணும்.

நாட்டுக் கொடி அவரை இந்த மூணுக்குமே சரிப்படாது. ஆடியில் விதை போட்டால் மாசக்கணக்கில் கொடியும் இலையுமாக ஓடிக்கொண்டே இருக்கும். பகல் சுருங்கி இரவு நீளும் காலம் வந்தால்தான் அதற்குப் பூக்கவே தோன்றும். கார்த்திகை, மார்கழிப் பனியில் பூத்து, தை மாசியில் காய்த்து, பங்குனி வெயிலில் நெற்றாகிவிடும். வருஷத்துக்கு ஒரே போகம். காய் வரும்வரை நான் தண்ணீர் காட்டணும், களை எடுக்க ஆள் வைக்கணும். குத்து அவரையோ பொழுதைப் பார்ப்பதில்லை, போட்ட ரெண்டு மாசத்தில் காய் கொடுக்க ஆரம்பித்துவிடும். நான் எதைப் போடுவேன்?

கத்தரி, வெண்டை, தக்காளியிலும் இதே கதைதான். நான் போடுவது வீரிய ஒட்டு ரகம். மறைக்க ஒன்றும் இல்லை. கூலியும் கடனும் நாட்டு ரகத்துக்காகக் காத்திருக்காது. ஆனால் ஒட்டு ரகத்தில் ஒரு சங்கதி இருக்கு. பாக்கெட்டில் 'எஃப்-1' என்று போட்டிருந்தால், அது இரண்டு வேறு வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அந்த ஒரு தலைமுறைதான் சொன்ன மாதிரி காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி தாத்தா மாதிரி, ஒரு செடி பாட்டி மாதிரி, இன்னொன்று இரண்டுமில்லாமல் எனப் பிரிந்து போகும். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைக்கடையில்தான் போய் நிற்கணும். நாட்டு விதை கையில் இருந்தால் அதற்குத் தேவை இருக்காது. அந்த விதையை என் நிலத்தில் வைத்துக்கொள்ளத்தான் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அப்படியானால் அந்த விதைகள் இத்தனை காலம் எங்கே இருந்தன? எங்கள் ஊரில் பெரும்பாலும் தறி வீட்டுக் கொல்லையில்.

ஆரணி என்றால் உங்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. டவுனிலும், சுற்றிலும் உள்ள சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் தறிதான் பல குடும்பங்களுக்குச் சோறு. தறிக்காரர் வேலைக்கென்று வெளியே போவதில்லை. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. ஒருவர் தறியில் உட்கார்ந்தால், மற்றவர் தார் சுற்றுவார், பாவு பிணைப்பார். காலை முதல் இருட்டும்வரை வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். கால் மரத்துப் போனால் எழுந்து கொல்லைப்பக்கம் ஒரு நடை. அப்படியே புடலையில் கல்லைக் கட்டிவிடுவது, அவரைக் கொழுந்தில் அசுவினி பிடித்திருந்தால் சாம்பல் தூவுவது, முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறுகிறதா என்று பார்ப்பது. நாளைக்குப் பத்து தடவை ஒரு ஆள் பார்க்கிற செடி அது. எந்த விவசாயியும் தன் நிலத்தில் ஒரு செடியைப் பத்து தடவை பார்ப்பதில்லை.

கொல்லை பெரிசு ஒன்றும் கிடையாது. பாத்திரம் கழுவின தண்ணீர் போகிற வழியில் வாழை, ஒரு முருங்கை, மீதி எல்லாம் கொடி. கொடியைப் பந்தலில் இழுத்துக் கட்டத் தறியில் மிஞ்சின நூல். சாயம் அலசின தண்ணீரை மட்டும் செடிப்பக்கம் விடமாட்டார்கள். சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

விடியற்காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வீதியில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி இழை பார்ப்பார்கள். ஒரு வீட்டு வேலைக்கு நாலு வீட்டு ஆள் வரும். கை இழையில் இருக்கும், வாய் கொல்லையில் இருக்கும். நான் காய் வண்டியோடு அந்தப் பக்கம் போகும்போது காதில் விழுகிற பேச்சு இப்படி இருக்கும்:

"இன்னா மே, உன் அவுரைக்கொடி வெறும் எலையா கீது?"

"அத்த ஏன் கேக்குற அக்கா. பந்தல் நெறைய ஓடிக் கீது, ஒரு பூவு இல்ல. வைகாசியிலயே நட்டேன்."

"நீ எப்ப நட்டா இன்னா? பனி எறங்கினாதான் அது பூக்கும். தண்ணிய கொற. நேத்து ராத்திரி பனி பேஞ்சிது பாரு, இன்னும் பத்து நாள்ல நுனியில கொத்து வரும்."

"சொரைக்காய்கூட பிஞ்சு மஞ்சளாயி உதுருது அக்கா."

"அதுக்கு சாயங்காலமாதான் பூ விரியும். ஆம்பளைப் பூவப் பறிச்சி, அடியில பிஞ்சு வெச்ச பூவுமேல தடவி வுடு. நாலு நாள்ல தெரிஞ்சிடும்."

அரட்டைதான். ஆனால் இதில் எத்தனை விஷயம் இருக்கு பாருங்கள். நாட்டு அவரை பொழுது பார்த்துப் பூக்கும் பயிர் என்பது இருக்கு. சுரைக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, பூ விரிவது சாயங்காலம் என்பது இருக்கு. மாடியில் சுரை போட்டு "பிஞ்செல்லாம் உதிருது, என்ன மருந்து அடிக்கணும்?" என்று என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு மருந்தே வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மாடிக்குப் போனால் போதும். அதைச் சொல்லப் பக்கத்தில் ஒரு அக்கா இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சோடு சேர்ந்துதான் விதையும் கை மாறும். "உன் பீர்க்கு ஓடுதே, ஒரு நெத்து விடு" என்று காய் பிஞ்சாக இருக்கும்போதே சொல்லி வைத்துவிடுவார்கள். கல்யாணமாகி வருகிற பெண் தாய் வீட்டு விதையை முடிந்து எடுத்து வருவாள். ரகத்துக்குப் பெயரும் அப்படித்தான் வரும்: 'மூணாம் வீட்டு அவரை', 'செய்யாறு மாமியார் பரங்கி'. கேட்டால் கொடுக்காத வீட்டில் இரவோடு இரவாக ஒரு கிளை காணாமல் போவதும் உண்டு. திருட்டுச் செடிதான் நன்றாகத் தழைக்கும் என்று அதற்கொரு நியாயமும் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பக்கத்து வீடு ஏன் வேண்டும் என்ற விஷயம் வருகிறது. அவரை, காராமணி, கொத்தவரை, தக்காளி இவையெல்லாம் பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருக்கட்டிக்கொள்ளும். நாலு செடி இருந்தாலும் விதை சுத்தமாக வரும். கத்தரியும் மிளகாயும் வெண்டையும் நடுவாந்திரம். தேனீ வந்தால் கலந்துவிடும். சுரை, பீர்க்கு, புடலை, பரங்கி, பாகல் எல்லாம் பூச்சியை நம்பியே இருப்பவை. பக்கத்து மாடியில் வேறு ரகச் சுரை பூத்திருந்தால் உங்கள் சுரையின் விதையில் அதுவும் இருக்கும். கலப்பு வேண்டாம் என்று ஒரே கொடியிலிருந்து தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக்கொண்டே போனாலும், அந்த ரகத்துக்குள் இருக்கிற விதவிதமான குணங்கள் ஒவ்வொன்றாகக் கழண்டு போகும். வெயில் தாங்குகிற ஒன்று, நோய் தாங்குகிற ஒன்று என்று இருந்தது எல்லாம் ஒற்றைக் குணமாகிவிடும்.

ஒரு வீட்டில் ரெண்டு கொடிக்குமேல் இடம் இல்லை. ஆனால் ஒரே பீர்க்கு இருபது வீட்டுக் கொல்லையில் இருந்தால் நாற்பது கொடி ஆச்சு. இந்த வருஷம் உங்கள் கொடி காய்ந்து போனாலும் எதிர்வீட்டில் ஒன்று இருக்கும். மழையில் இந்த வரிசைக் கொல்லையெல்லாம் முழுகினாலும் அடுத்த தெருவில் இருக்கும். அந்தத் தெரு தனக்குத் தெரியாமலே ஒரு விதைப் பண்ணை நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு வேலி கிடையாது, சம்பள ஆள் கிடையாது. பேச்சுதான் நிர்வாகம்.

இந்தப் பண்ணைதான் இப்போது கலைந்துகொண்டிருக்கிறது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் கொல்லையில் ஒரு அறை கட்டத்தான் வேண்டும். தறியை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போகிறவர்கள் பகலெல்லாம் வீட்டைப் பூட்டித்தான் ஆகணும். கடையில் வண்ணப்படம் போட்ட விதை பாக்கெட் கிடைக்கும்போது யாரும் எதிர்வீட்டு நெற்றுக்காக மார்கழி முதல் பங்குனி வரை காத்திருக்க மாட்டார்கள். ஒரு கொல்லை மூடும்போது ஒரு பந்தல் போகிறது என்றுதான் நினைக்கிறோம். கூடவே மூணாம் வீட்டு அவரையும் போகிறது. அது வேறு எங்கேயும் இல்லை. கடையில் இல்லை, என் நிலத்திலும் இல்லை.

போனால் என்ன, ஒரு அவரைக்காய்தானே என்று கேட்கலாம். எங்கள் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி என்ற ஊர். அங்கே விளைகிற முள்ளு கத்தரிக்காயைத் தெரிந்தவர்கள் தேடிப்போய் வாங்குவார்கள். காம்பிலும் செடியிலும் முள் இருக்கும், பறிப்பவர் கையைப் பதம் பார்க்கும். ஆனால் குழம்பில் போட்டால் அந்த ருசி வேறு கத்தரிக்கு வராது. எந்தக் கம்பெனியும் கண்டுபிடித்த ரகம் அல்ல அது. அந்த ஊர்க்காரர்கள் செடியிலேயே பழுக்கவிட்டு, விதை எடுத்து, தலைமுறையாக வைத்திருந்ததால் இருந்தது. 2023 பிப்ரவரியில் அதற்கு 'வேலூர் முள்ளு கத்தரி' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் கிடைத்தது. நடுவில் ஒரு தலைமுறை "முள்ளு குத்துது, வேணாம்" என்று விட்டிருந்தால் பெயர் கொடுக்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. முள்ளு கத்தரிக்கு ஒரு ஊரே இருந்தது. மூணாம் வீட்டு அவரைக்கு ஒரு தெருதான் இருக்கிறது.

"அரசாங்கம் விதை வங்கி வைத்திருக்கிறதே" என்பார்கள் சிலர். இருக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் லட்சக்கணக்கான விதை மாதிரிகளை உறைகுளிரில் வைத்திருக்கிறார்கள். மிக நல்ல வேலை, நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உறைகுளிரில் இருக்கிற விதை நம் ஊர் வெயிலைப் பார்ப்பதில்லை. வருஷா வருஷம் மண்ணில் முளைக்கிற விதைதான் மாறுகிற மழைக்கும் புதுப் பூச்சிக்கும் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. தவிர, எப்போது தண்ணீரைக் குறைக்கணும், எந்தப் பதத்தில் பறிக்கணும், எப்படிச் சமைக்கணும் என்பதெல்லாம் அந்தத் தெருப் பேச்சில்தான் இருக்கிறது. அதைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது.

நகரத்து வீடுகளில் தோட்டம் வளர்க்கணும் என்று அரசும் முயற்சி எடுத்தது. 2013-14ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்று மாடித்தோட்டத்துக்கான பொருட்களை மானிய விலையில் கொடுத்தது. நிறையப்பேர் அதில்தான் ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் பையும் தென்னைநார்க் கழிவும் உரமும் ஒருமுறை வந்து சேரும். அடுத்த வருஷத்து விதையும், அதைப் பற்றிக் கேட்க ஒரு ஆளும் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. நாலு மாசம் ஆசையாக வளர்த்துவிட்டுக் காலித் தொட்டிகளை மாடி மூலையில் அடுக்கி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மண்ணோ வெயிலோ குறைவில்லை. கூடப் பேச ஆள்தான் இல்லை.

இதெல்லாம் நகரத்துக்கு ஆகுமா என்று சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் 1975ல் ஒரு கணவனும் மனைவியும் ஆரம்பித்த காரியம் ஒன்று. அந்தப் பெண்ணின் தாத்தா தன் வீட்டில் காத்துவந்த ஒரு தக்காளி விதையையும் ஒரு பூங்கொடி விதையையும் அவர்களுக்குக் கொடுத்தார். இப்படி வீட்டு விதை வைத்திருப்பவர்கள் வேறு யார் யார் என்று கடிதம் எழுதித் தேட ஆரம்பித்தார்கள். 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்று அதற்குப் பெயர். இன்று ஆயிரக்கணக்கான ரகங்களை வைத்திருக்கும் அமைப்பு அது. வீட்டுத் தோட்டக்காரர்களின் அரட்டையும் கடிதமும்தான் அதன் அஸ்திவாரம்.

நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா நடத்திய நெல் திருவிழா இருக்கிறது. 2018ல் அவர் மறைந்தார். அவர் மீட்டெடுத்த பாரம்பரிய நெல் ரகங்கள் 170க்கும் மேல். அவர் வைத்த சட்டம் ரொம்பச் சின்னது: இந்த வருஷம் 2 கிலோ விதை வாங்கிக்கொண்டு போ, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடு. காசு இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. காய்கறி விதைக்கும் இதே சட்டம் போதும். பத்து அவரை விதை வாங்கினால் இருபதாகத் திருப்பிக் கொடுங்கள். வாங்கின இடத்திலேயே கொடுக்கணும் என்பதுகூட இல்லை. வேறு ரெண்டு வீட்டுக்குக் கொடுங்கள்.

சட்டப்படி இதில் ஏதும் தப்பு வருமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான். அதே சட்டத்தில் விவசாயி என்றால் யார் என்று சொல்லும்போது, நிலத்தை உழுகிறவரை மட்டும் சொல்லவில்லை. பாரம்பரிய ரகங்களைத் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ காத்து வைக்கிறவரையும் விவசாயி என்றே சொல்கிறது. மாடியில் நாலு தொட்டியில் ஒரு நாட்டுச் சுரையைக் காப்பாற்றிக்கொண்டு "நான் எங்கண்ணா விவசாயி" என்று வெட்கப்படும் தங்கைகளே, சட்டம் உங்களை அப்படித்தான் பார்க்கிறது.

சரி, என்ன செய்யலாம்? ரொம்ப இல்லை, அஞ்சு விஷயம்.

ஒன்று, ரகம் சேர்க்கிற ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். மூக்குத்தி அவரை, தம்பட்டை அவரை, சிறகவரை என்று முப்பது வகை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு செடி வைத்தால் பார்க்க அழகு. (மூக்குத்தி அவரை பெயருக்குத்தான் அவரை, உண்மையில் அது சக்கரவள்ளிக் கிழங்குக்குச் சொந்தம். விரியும் பூவைப் பார்த்தால் தெரியும்.) ஆனால் முப்பதையும் நீங்கள் காப்பாற்ற முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு ரகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே ரகத்தை உங்கள் அடுக்குமாடியில் இன்னும் ரெண்டு மூணு வீடாவது வைத்திருக்கட்டும்.

ரெண்டு, விதைக்கு விடுவதை முதலிலேயே தீர்மானியுங்கள். எல்லாக் காயையும் தின்றுவிட்டு, செடி சாகிற நேரத்தில் மிஞ்சின சொத்தைக் காயை விதைக்கு விடுகிற வழக்கம் நிறையப் பேரிடம் இருக்கு. நோய் இல்லாத செடியாகப் பார்த்து, நடுவில் வரும் நல்ல காயில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது. கத்தரி மஞ்சளாகப் பழுக்கணும், பீர்க்கு கொடியிலேயே காய்ந்து உள்ளே விதை ஆடுகிற சத்தம் கேட்கணும். அப்புறம் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, பெயரும் மாசமும் எழுதி ஒட்டுங்கள்.

மூணு, கலந்துவிடும் என்று பயந்தால் பூ விரிவதற்கு முந்தின பொழுதே ஆண் பூவையும் பெண் பூவையும் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டிவிட்டு, விரிந்ததும் நீங்களே தடவிவிட்டு, மறுபடி மூடிவிடுங்கள். பரங்கிக்கு இது விடியற்காலை வேலை, சுரைக்குச் சாயங்கால வேலை.

நாலு, சுரையைச் சமைக்கும் முன் ஒரு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள். கசக்கும் சுரை விஷம், அதன் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே கசக்கும் சுரைச் சாற்றைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது. அந்தக் கொடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். அதோடு, அதே விதையை யார் யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். விதை கொடுத்தவரோடு பேச்சு அறுந்து போகக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அஞ்சாவதுதான் நகரத்தில் கஷ்டம். கதவைத் தட்டணும். எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் பெயர் தெரியாமலே அஞ்சு வருஷம் ஓட்டுகிற ஊரில் "உங்க வீட்டு வெண்டையில ஒரு காயை முத்தவிடறீங்களா?" என்று கேட்பது சிரமம்தான். ஆனால் செடியைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அரசியல் பேசினால் சண்டை வரும், பிள்ளைகள் மார்க்கைப் பேசினால் மனஸ்தாபம் வரும். "உங்க கறிவேப்பிலை மட்டும் எப்படி இப்படித் தழையுது?" என்று கேட்டுப் பாருங்கள், காபி கொடுக்காமல் விடமாட்டார்கள்.

நான் நாளைக்கும் ஒட்டு ரகக் கத்தரிதான் பறிக்கப் போகிறேன். அதில்தான் என் வீட்டுச் செலவு நடக்குது. அது ஊருக்குச் சோறு போடுகிற வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் அந்தப் பாக்கெட் விலை எனக்கு எட்டாமல் போகலாம், புது நோய் ஒன்று வந்து அந்த ரகமே படுத்துவிடலாம். அன்றைக்கு நாட்டு விதை கேட்டு நான் நடந்து வரும்போது யார் வீட்டிலாவது அது இருக்கணும். தறி வீட்டுக் கொல்லைகளில் இருந்தது குறைந்துகொண்டே வருகிறது. இனி உங்கள் மாடியில் இருந்தால்தான் உண்டு.

இப்போது பங்குனி. நாட்டு அவரை வைத்திருப்பவர்கள் வீட்டில் நெற்று காய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும், கையை வைத்தால் படபடவென்று வெடிக்கும். பறித்து வையுங்கள். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அதற்குள் அந்த விதை குறைந்தது ரெண்டு வீட்டுக்காவது போய்ச் சேரட்டும். வாங்கினவர்களிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: பூக்கவில்லையே என்று ஐப்பசியில் பிடுங்கி எறிந்துவிட வேண்டாம், பனி இறங்கட்டும்.